தேங்காய்த்திட்டிலிருந்து வார்சாவுக்கு – 3: காது உள்ள ஊர்

தேங்காய்த்திட்டிலிருந்து கிளம்பி வார்சாவில் இறங்கியதையும், ஷோப்பன் பிறந்த ழெலஸோவா வோலா கிராமத்துக்குப் போய் வந்ததையும் சென்ற இரு இதழ்களில் எழுதியிருந்தேன். இந்த இதழில் போட்டி நடக்கும் அரங்கத்துக்குள் போகலாம்.

சர்வதேச ஷோப்பன் பியானோ போட்டி 1927-ல் தொடங்கியது. தொடங்கியவர் யெஷி ஜுராவ்லெவ் என்ற போலந்து பியானோ ஆசிரியர். முதல் உலகப் போர் முடிந்த காலம். ஷோப்பனின் இசை வெறும் அழுகை என்று இளைஞர்கள் ஒதுக்கத் தொடங்கியிருந்தார்கள். அதே இளைஞர்கள் விளையாட்டுப் போட்டி என்றால் உயிரை விடுவதை அவர் கவனித்தார். இசையையும் பந்தயமாக வைத்தால் வருவார்கள் என்று கணக்குப் போட்டார். பணம் தேட அலைந்து, கேலிகளைத் தாங்கி, நடத்தியும் காட்டினார். அன்றிலிருந்து இரண்டாம் உலகப் போரும், 2020-ல் கொரோனாவும்தான் இதைத் தள்ளிப்போட வைத்தன. ஐந்து வருடத்துக்கு ஒரு முறை நடக்கும் இந்தப் போட்டியில் ஷோப்பன் எழுதியதைத் தவிர வேறு எதையும் வாசிக்க முடியாது.

நாங்கள் பார்க்கப் போனது 19-வது போட்டி. 2025 அக்டோபர் 2 முதல் 23 வரை. முதல் சுற்றில் 84 பேர் வாசித்தார்கள். இரண்டாம் சுற்றுக்கு 40, மூன்றாம் சுற்றுக்கு 20, இறுதிக்கு 11 என்று வடிகட்டினார்கள். நடுவர் குழுவின் தலைவர் 1970-ல் இதே மேடையில் முதல் பரிசு வாங்கிய அமெரிக்கர் காரிக் ஓல்சன். போலந்துக்காரர் அல்லாத ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அதுவே முதல் முறை.

எங்கள் கூட்டத்தில் நால்வர். புதுச்சேரியில் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லித்தரும் அக்காதான் தலைவி. நுழைவுச்சீட்டுகள் ஒரு வருடத்துக்கு முன்பே விற்பனைக்கு வந்து, வந்த வேகத்தில் தீர்ந்துவிடும் என்பதால், அப்போதே கணினி முன் உட்கார்ந்து எல்லாருக்கும் வாங்கி வைத்தவர் அவர். அடுத்தவர் சைகோனில் பிறந்த பாட்டியின் பேத்தி. மூன்றாவது, கோயில் திருவிழாக்களுக்கும் கல்யாணங்களுக்கும் மைக் செட் கட்டும் என் பால்ய நண்பன். தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் படகு எஞ்சின்களின் இரைச்சலைக் கேட்டு அவனோடு வளர்ந்த நான் நான்காவது.

தேசிய ஃபில்ஹார்மோனிக் அரங்கம் நகரின் நடுவில், யாஸ்னா தெருவில் இருக்கிறது. 1901-ல் கட்டிய பழைய கட்டடம் இரண்டாம் உலகப் போரில் அழிந்துபோனது. இப்போதிருக்கும் கட்டடத்தை 1955 பிப்ரவரியில் திறந்தார்கள். திறப்பு விழாவே ஐந்தாவது ஷோப்பன் போட்டிதான். வீடிழந்த மக்களுக்கு இன்னும் வீடு கட்டிக்கொண்டிருந்த ஒரு நகரம் இசை அரங்கத்தையும் அவசரத் தேவையாக நினைத்திருக்கிறது.

மூன்றாம் சுற்றின் கடைசி நாளன்று உள்ளே போனோம். ஆயிரத்துச் சொச்சம் இருக்கைகளில் ஒன்றுகூடக் காலியில்லை. எனக்குப் பக்கத்தில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு மூதாட்டி, மடியில் இசைக்குறிப்புப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தார். முன்வரிசையில் ஒரு பையன் விரல்களைத் தன் முழங்கால் மீதே ஓட்டிக்கொண்டிருந்தான். ஒருவர் வாசித்து முடித்ததும் கறுப்பு உடையில் ஆட்கள் வந்து, அந்தப் பியானோவைத் தள்ளிக்கொண்டு போய், அடுத்தவருக்கு வேறொன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சக்கரங்களைப் பூட்டி, இருக்கையின் உயரத்தைச் சரிபார்த்து, விசைப்பலகையைத் துணியால் ஒரு முறை துடைத்தார்கள். ஸ்டெய்ன்வே, யமஹா, கவாய், ஃபாட்ஸியோலி, பெக்ஸ்டைன் என்று ஐந்து நிறுவனங்களின் பியானோக்கள் இந்த முறை வைக்கப்பட்டிருந்தன. எதில் வாசிப்பது என்பதைப் போட்டி தொடங்குமுன் ஒவ்வொருவரும் கொஞ்ச நேரம் வாசித்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

நண்பனின் கண் வேறு பக்கம் போயிருந்தது. மேடையின் இரு ஓரங்களையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்தவன் என் காதில் கேட்டான்:

“பாக்ஸே இல்லியேடா... மேலே மைக் மட்டும் தொங்குது?”

“அது ரேடியோவுக்கும் யூடியூபுக்கும். உள்ளே இருக்கறவங்களுக்கு வெறும் சத்தம்தான்” என்றார் அக்கா.

அதன் பிறகு ஒரு மஸூர்க்கா, போலந்து நடன வகை இசை, முடியும் இடம் வந்தது. கடைசிச் சுரம் நூலாக இளைத்துக்கொண்டே போயிற்று. எங்கே முடிந்தது என்று எனக்குப் பிடிபடவில்லை. வாசித்தவர் கையை எடுக்கும்வரை ஒரு இருமல்கூடக் கிளம்பவில்லை. அத்தனை பேரும் சேர்ந்து அந்தச் சுரத்தைக் காத்துக் கொடுத்தார்கள் என்றே சொல்ல வேண்டும். நண்பன் வெளியே வந்ததும் சொன்னது இது: “நாம ஆயிரம் பேருக்குக் கேக்கணும்னு வாட்ஸைக் கூட்டிக்கிட்டே போறோம். இங்க ஆயிரம் பேரு குறைஞ்சுக்கறாங்க.” பல வருடம் ஒலியோடு பிழைத்தவன் வாயிலிருந்து வந்த வார்த்தை என்பதால் அதற்கு என்னிடம் தனி மதிப்பு உண்டு.

அன்றிரவு இறுதிச் சுற்றுக்குத் தேர்வான 11 பேரின் பட்டியல் வந்தது. சீனாவிலிருந்து மூவர், அமெரிக்காவிலிருந்து இருவர், ஜப்பானிலிருந்து இருவர், கனடா, ஜார்ஜியா, மலேசியா, போலந்து ஆகியவற்றிலிருந்து தலா ஒருவர். மலேசியாவின் வின்சென்ட் ஓங் பெயரைக் கேட்டதும் எங்களுக்கு ஏதோ பக்கத்து வீட்டுப் பிள்ளை தேறிவிட்ட மாதிரி சந்தோஷம். பட்டியலில் இந்தியர் யாருமில்லை.

அக்டோபர் 17 அன்று போட்டி இல்லை. 1849-ல் பாரிஸில் ஷோப்பன் இறந்த நாள் அது. அவருடைய உடல் பாரிஸின் பேர் லாஷேஸ் கல்லறையில் இருக்கிறது. இதயத்தை மட்டும் அவருடைய அக்கா லுத்விகா மதுசாரம் நிரப்பிய ஜாடியில் வைத்து, ரஷ்யக் காவலர்களின் கண்ணில் படாமல் வார்சாவுக்குக் கொண்டுவந்தார். அது இன்று திருச்சிலுவை தேவாலயத்தின் தூண் ஒன்றுக்குள் இருக்கிறது. ஒவ்வொரு போட்டியின்போதும் இந்த நாளின் மாலையில் அங்கே மோட்சார்ட்டின் இரங்கல் இசையான ‘ரெக்வியம்’ பாடப்படும்.

காலையிலேயே நாங்கள் போனோம். தூணின் அடியில் பூங்கொத்துகள் குவிந்திருந்தன. 1944-ல் வார்சா எழுச்சியின்போது இந்தத் தேவாலயம் சின்னாபின்னமானது. இதயத்தை ஜெர்மானியர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். போர் முடிந்து, 1945-ல் இதே அக்டோபர் 17 அன்று அது திரும்ப வந்தது. தேவாலயம் இருக்கும் தெருவில் கருங்கல் இருக்கைகள் போட்டிருக்கிறார்கள். பொத்தானை அழுத்தினால் ஷோப்பனின் ஒரு துணுக்கு ஒலிக்கும். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் அதை அழுத்திவிட்டு, பாதி கேட்டுவிட்டு ஓடுகிறார்கள். நாங்கள் ஏறிய டாக்ஸியின் ஓட்டுநர் போலந்து வானொலியின் இரண்டாம் அலைவரிசையைத்தான் வைத்திருந்தார். போட்டியின் எல்லாச் சுற்றுகளும் அதில் நேரலை. எங்கிருந்து வருகிறோம் என்பதைக்கூட அவர் முதலில் கேட்கவில்லை. “உங்களுக்கு யாரைப் பிடித்திருக்கிறது?” என்றுதான் கேட்டார்.

மதியம் ஒரு சிறு உணவகத்தில் பியரோகி சாப்பிட்டோம். நம் கார்த்திகைக் கொழுக்கட்டையின் ஒன்றுவிட்ட தம்பி. உள்ளே உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும். அங்கேதான் சைகோன் பாட்டியின் பேத்தி அந்தப் பெயரை எடுத்தாள்: டாங் தாய் சோன்.

புதுச்சேரிக்காரர்களுக்கு சைகோன் தூரத்து ஊர் கிடையாது. பிரெஞ்சு ஆட்சியில் எழுத்தராகவும் சிப்பாயாகவும் வரி வசூலிப்பவராகவும் அங்கே போய்க் குடும்பம் நடத்தியவர்கள் எத்தனையோ பேர். தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில் அங்கே இன்றும் இருக்கிறது. புதுச்சேரிச் சமையலறைகளில் ‘நெம்’ பொரிகிறதே, அது அந்த வழியில் வந்ததுதான். டாங் தாய் சோன் 1958-ல் ஹனோயில் பிறந்தவர். அம்மா பியானோ ஆசிரியை. அமெரிக்கக் குண்டுவீச்சு நடந்த ஆண்டுகளில் இசைப்பள்ளி கிராமத்துக்கு இடம்பெயர்ந்தது. மகனும் அங்கேதான் பழகினார். பிறகு மாஸ்கோவில் படித்தார். 1980-ல் இந்தப் போட்டியில் முதல் பரிசு வாங்கினார். ஆசியர் ஒருவருக்கு அது கிடைத்தது அப்போதுதான் முதல் தடவை.

“பாட்டிக்கு பியானோ தெரியாது. ஆனா அந்தப் பேரைச் சொல்லும்போது மட்டும் நிமிர்ந்து உட்காருவாங்க” என்றாள். அவள் இந்தப் பயணத்துக்குப் பணம் சேர்த்த காரணமே அதுதான். டாங் தாய் சோன் பிறகு கனடாவில் குடியேறி ஆசிரியரானார். 2021-ல் இங்கே முதல் பரிசு வாங்கிய புரூஸ் லியு அவருடைய மாணவர்.

அக்டோபர் 18 மாலை இறுதிச் சுற்று தொடங்கியது. இந்த முறை புது விதி: இறுதிக்கு வந்த ஒவ்வொருவரும் பியானோ கான்செர்ட்டோ ஒன்றை வார்சா ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு வாசிப்பதற்கு முன், ‘பொலொனேஸ்-ஃபாந்தஸி’யைத் தனியாக வாசிக்க வேண்டும். ஷோப்பன் கடைசிக் காலத்தில் எழுதிய படைப்பு அது. தொடக்கத்திலேயே இரண்டு கனத்த நாதங்கள் விழுகின்றன. அவற்றின் ரீங்காரத்துக்குள்ளிருந்து ஒற்றை இழையாகச் சுரங்கள் அடியிலிருந்து உச்சிவரை ஏறுகின்றன. ஏறி நின்றதும் மறுபடி இரண்டு நாதங்கள், மறுபடி ஏற்றம். முதலில் வந்தவர் அந்த ஏற்றத்தை அவசரமே இல்லாமல், ஒவ்வொரு சுரத்தையும் தொட்டுக் காத்திருந்து ஏறினார். அடுத்தவர் அதையே ஒரே மூச்சில் ஏறிவிட்டு உச்சியில் நின்றார். எழுத்து ஒன்றுதான். ஒரே கீர்த்தனையை இரண்டு வித்வான்கள் பாடக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த வித்தியாசம் பிடிபடாமல் போகாது. பக்கத்தில் அக்கா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அவருடைய வலது கை விரல்கள் மட்டும் அசைந்தன.

முடிவு 20-ம் தேதி நள்ளிரவைத் தாண்டித்தான் வந்தது. முதல் பரிசு அமெரிக்காவின் எரிக் லூவுக்கு. 2015-ல், தன் 17-வது வயதில், இதே போட்டியில் நான்காம் பரிசு வாங்கியவர் அவர். வேறு பெரிய போட்டிகளில் வென்ற பிறகும், பத்து வருடம் கழித்துத் துணிந்து மறுபடி வந்து முதலிடத்தைப் பிடித்தார். அவரும் டாங் தாய் சோனிடம் பாடம் கேட்டவர். இரண்டாம் பரிசு கனடாவின் கெவின் சென்னுக்கு, மூன்றாவது சீனாவின் ஜிதோங் வாங்குக்கு. நம் வின்சென்ட் ஓங் ஐந்தாம் பரிசைப் போலந்தின் பியோத்ர் அலெக்ஸெவிச்சுடன் பகிர்ந்துகொண்டார். பரிசளிப்பு இரவைப் பற்றி அடுத்த இதழில் விரிவாக எழுதுகிறேன்.

இந்த இதழை முடிக்குமுன் ஒன்றைச் சொல்ல வேண்டும். வார்சாவைப் பார்த்த பிறகு, வெல்பவர்களை உருவாக்குவதற்கு முன்னால் கேட்பவர்களை உருவாக்க வேண்டும் என்பது எனக்குச் சந்தேகமில்லாமல் தெளிந்துவிட்டது. மடியில் இசைக்குறிப்போடு உட்கார்ந்த அந்த மூதாட்டியும், வானொலியோடு வண்டி ஓட்டும் அந்த மனிதரும் இல்லாவிட்டால் 84 பேர் அங்கே வந்து வாசிப்பதில் அர்த்தமே இருக்காது. புதுச்சேரியில் நமக்குப் பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன பள்ளிகள் உண்டு, தேவாலயப் பாடற்குழுக்கள் உண்டு, மார்கழிக் கச்சேரிக்குச் சென்னைவரை போய் வரும் ரசிகர்களும் உண்டு. பியானோ விலை அதிகம் என்று தயங்கலாம். கேட்பதற்கு விலை இல்லை.

போட்டியின் எல்லாச் சுற்றுகளும் யூடியூபில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்து, ‘பொலொனேஸ்-ஃபாந்தஸி’யின் முதல் இரண்டு நிமிடத்தை மட்டும் மூன்று பேர் வாசிக்க அடுத்தடுத்துக் கேட்கவிடுங்கள். யார் சிறந்தவர் என்று கேட்காதீர்கள். என்ன வித்தியாசம் என்று கேளுங்கள். அடுத்த போட்டி 2030-ல். போட்டியில் சேரக் குறைந்தபட்ச வயது 16. கேட்பதற்கு வயது வரம்பில்லை.

(தொடரும்)