மூச்சு நின்னா தோளைத் தட்டுங்க

பிரிக்பீல்ட்ஸ் பூக்கடைகளில் விளக்கு எரியத் தொடங்கிய நேரத்தில் கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறினேன். கிள்ளானில் இறங்கி, தெங்கு கிளானா சாலையின் துணிக்கடைக் கூட்டத்தைக் கடந்து, அந்தத் தனியார் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது இரவு மணி 9. தூக்கப் பரிசோதனைப் பிரிவில் அன்று இருவர் தூங்கப் போகிறார்கள். அவர்களின் சம்மதத்தோடு, அவர்கள் தூங்குவதைப் பார்க்கப் போயிருந்தேன்.

முதல் அறையில் 48 வயது அண்ணன் ஒருவர். துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லோரி ஓட்டுபவர். சிவப்பு விளக்கில் நிற்கும்போதே கண் சொருகுகிறது என்பதால் மனைவி அழைத்து வந்திருந்தார். பக்கத்து அறையில் 26 வயது ஆசிரியை. நெடுந்தூர ஓட்டக்காரர். எட்டு மணி நேரம் தூங்கியும் அசதி தீரவில்லை என்று வந்தவர்.

ஒயர் ஒட்டவே முக்கால் மணி நேரம் பிடித்தது. அங்கு பணிபுரியும் தமிழ்ப்பெண் நாடாவால் தலையை அளந்து, பென்சிலால் குறியிட்டு, பசை தடவி ஒவ்வொன்றாக ஒட்டினார். தலையில் மூளை அலைக்கு, நெஞ்சில் இதயத் துடிப்புக்கு. கண்ணோரம், தாடை, கால்களிலும் சில. மூச்சுக்காற்றை அளக்க மூக்கில் மெல்லிய குழாய், மார்பிலும் வயிற்றிலும் பட்டைகள், விரல் நுனியில் ஆக்சிஜன் அளக்கும் கவ்வி.

வீட்டுக்குக் கிளம்பிய லோரிக்காரரின் மனைவி கதவு வரை போய்த் திரும்பினார். “மூச்சு நின்னா தோளைத் தட்டுங்கம்மா. நான் அப்படித்தான் செய்வேன்.”

கண்காணிப்பு அறையில் இரண்டு திரைகள். ஆசிரியையின் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 46. நான் பதறினேன். “ஓடிப் பழகினவங்களுக்கு இப்படித்தான் அண்ணே. ஒரு துடிப்பிலேயே நிறைய ரத்தத்தைத் தள்ளிடும்” என்றார் ஒயர் ஒட்டிய பெண். ஆழ்ந்த தூக்கத்தில் அவர் மூச்சு ஊஞ்சல்போல் ஒரே சீராக இருந்தது. மூச்சு உள்ளே போகும்போது துடிப்பு சற்றே விரைந்தது. வெளியே வரும்போது தணிந்தது. இது கோளாறு இல்லை. இளம் வயதில் இந்த ஏற்ற இறக்கம் தெளிவாகத் தெரியும். வயதாக ஆகக் குறையும்.

ஒன்றரை மணி நேரம் கழிந்ததும் அவர் இமைக்குள் விழிகள் அங்குமிங்கும் ஓடின. மூச்சு தாறுமாறாயிற்று, துடிப்பு ஏறி இறங்கியது. கனவு மிகும் கட்டம் இது. சிக்காகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் 1953இல் உலகுக்குச் சொன்ன விழியசைவுத் தூக்கம். இதுவும் இயல்புதான்.

அடுத்த திரையில் நடந்தது இயல்பில்லை. அண்ணனின் குறட்டை உச்சத்துக்குப் போய்ச் சட்டென்று அடங்கியது. காற்றைக் காட்டும் கோடு படுத்துவிட்டது. ஆனால் மார்பும் வயிறும் மூச்சுக்குப் போராடின. ஒன்று எழ மற்றொன்று தாழ்ந்தது. தொண்டை அடைத்துக்கொண்டது. பத்து விநாடி நின்றாலே கணக்கில் சேரும். அவருக்கு 32 விநாடி. துடிப்பு தளர்ந்தது, ஆக்சிஜன் 96இலிருந்து 85க்கு இறங்கியது. பிறகு ஒரு செருமல். மூளை அலை கலைய, துடிப்பு 90ஐத் தாண்டிக் குதித்தது. மறுபடியும் குறட்டை. காலையில் கேட்டால் அவருக்கு எதுவும் நினைவிருக்காது.

மணிக்கு 5 தடவைக்குள் நின்றால் பரவாயில்லை. 30ஐத் தொட்டால் கடுமை. அவருடையது 50ஐத் தாண்டிக்கொண்டிருந்தது. கவனிக்காமல் விட்டால் ரத்த அழுத்தம் ஏறும், இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடும், ஓட்டும்போது கண் மூடும். இது பருத்த கழுத்துக்காரர்களுக்கு மட்டும் வருவதல்ல. தாடை சற்று உள்வாங்கிய முக அமைப்பால், ஆசியர்களில் ஒல்லியானவர்களுக்கும் வருகிறது. நம் வீடுகளிலோ, உழைத்த அசதியில் நன்றாகத் தூங்குகிறார் என்று குறட்டையைக் கேட்டு நிம்மதி அடைகிறோம்.

மருத்துவர் முன்பே எழுதிவைத்த உத்தரவின்படி, 1.30 மணிக்கு அண்ணனின் மூக்கில் முகமூடி பொருத்தினார்கள். இடைவிடாமல் செலுத்தும் காற்றின் அழுத்தம் தொண்டையை மூடவிடாமல் தாங்கும். ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981இல் வெளியிட்ட முறை. அழுத்தத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டக் கூட்டக் குறட்டை தேய்ந்தது. காற்றுக் கோடு எழுந்து அலையாயிற்று. ஆக்சிஜன் 95க்குக் கீழே இறங்கவில்லை. 3 மணிவாக்கில் அவர் விழிகளும் இமைக்குள் ஓடத் தொடங்கின, வெகுநேரம் ஓடின.

துடிப்பு ஒருவருக்கு 46, இன்னொருவருக்கு 70. தூங்கும் இதயங்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை; இருக்கவும் வேண்டியதில்லை. ஆனால் மூச்சு நின்று நின்று வருவதை யாருடைய இயல்பென்றும் விட்டுவிடக் கூடாது. அது தூங்குகிறவருக்குத் தெரியாது. பக்கத்தில் படுத்திருப்பவர் சொன்னால்தான் மருத்துவருக்கே தெரியும்.

காலை 6 மணிக்குப் பிளாஸ்கில் காப்பியோடு மனைவி வந்துவிட்டார். கணவரைப் பார்ப்பதற்கு முன்பே கேட்டார்: “எத்தனை தடவை தட்டுனீங்க?”

“ஒன்றரை மணிக்கு மேல தட்ட வேண்டிய தேவையே வரலக்கா.”

அவர் பிளாஸ்கைக் கீழே வைத்துவிட்டு, இத்தனை வருடம் தட்டிய கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.