பங்கு கொடுத்த ஊர் திருக்கோவலூர்

தென்பெண்ணையாற்றின் கரையில் அமைந்த பழம்பெரும் திருத்தலம் திருக்கோவலூர். இன்று திருக்கோயிலூர் என வழங்கும் இவ்வூர், சைவப் பெருமக்களுக்கு அட்டவீரட்டத் தலங்களுள் ஒன்று. வைணவப் பெருமக்களுக்கு 108 திவ்விய தேசங்களுள் ஒன்று. தங்க இடமின்றி வந்தவர்களுக்கு இவ்வூரில் இடமும் உணவும் கிடைத்த இரண்டு இரவுகளை ஆன்மிக உலகம் என்றும் மறவாது.

முதல் இரவு, முதலாழ்வார்கள் மூவரும் சந்தித்த இரவு. உலகளந்த பெருமாளைச் சேவிக்க வந்த பொய்கையாழ்வார், காரிருளிலும் கனமழையிலும் சிக்கி, மிருகண்டு முனிவரின் ஆசிரமத்து இடைகழியில் ஒதுங்கினார். வாசலுக்கும் உள்வீட்டுக்கும் இடைப்பட்ட குறுகிய நடையே இடைகழி. சற்று நேரத்தில் பூதத்தாழ்வார் வந்து கதவைத் தட்டினார். ஒருவர் படுக்கும் இடத்தில் இருவர் இருக்கலாம் என்று பொய்கையார் எழுந்து இடமளித்தார். பின்னர்ப் பேயாழ்வார் வந்தார். இருவர் இருக்கும் இடத்தில் மூவர் நிற்கலாம் என்று இருவரும் எழுந்து நின்றனர். வந்தவர் யார், எந்த ஊர் என்று விசாரித்த பிறகு கதவு திறக்கப்படவில்லை. மழையில் நனைபவருக்கு இடம் வேண்டும் என்பதே அங்கு போதுமானதாக இருந்தது. அந்த நெருக்கத்தில் நான்காமவராகப் புகுந்தவர் எம்பெருமான். மூன்று திருவந்தாதிகளும் அங்கே பிறந்தன. மூவுலகையும் அளந்தவன் விரும்பி நின்ற இடம், ஒருவர்க்கொருவர் விட்டுக்கொடுத்த அந்த இடைகழி. தேகளீசன் என்னும் திருநாமமும் அதனாலேயே அவனுக்கு அமைந்தது.

இரண்டாவது இரவு 1896 ஆகஸ்ட் 30. மதுரையில் வீட்டைத் துறந்து புறப்பட்ட 16 வயதுச் சிறுவன் வேங்கடராமன், விழுப்புரத்தில் இறங்கியபோது கையில் இருந்தது இரண்டரை அணா. அங்கே சாப்பிட்ட உணவுக்குக் காசு நீட்டியபோது, அவன் நிலையறிந்த உணவுக்கடைக்காரர் வாங்க மறுத்தார். எஞ்சிய காசுக்கு மாம்பழப்பட்டு வரையே ரயில் பயணம் வாய்த்தது. அதன்பின் சுமார் 10 மைல் நடந்து, மாலையில் ஆற்றங்கரைப் பாறைமேல் விளங்கும் அறையணிநல்லூர்க் கோயிலை அடைந்தான். அங்கு உணவு கிட்டவில்லை. பூசைக்குச் சென்றவர்களோடு கீழையூர் வீரட்டேசுவரர் கோயிலுக்கு நடந்தான். அங்கும் அவனுக்கெனச் சோறு இல்லை. அப்போது அருகில் நின்ற மேளக்காரர், தமக்குரிய பிரசாதப் பங்கை அச்சிறுவனுக்குக் கொடுத்துவிடும்படி சொன்னார். நாள் முழுதும் நடந்த களைப்பில் சிறுவன் மயங்கி விழ, சோறு தரையில் சிதறியது. தெளிந்தெழுந்து அதைப் பொறுக்கி உண்டு, அங்கேயே படுத்துறங்கினான்.

மறுநாள் கோகுலாஷ்டமி. முத்துகிருஷ்ண பாகவதர் இல்லத்தில் வயிறார உணவிட்டு, பலகாரப் பொட்டலமும் கட்டிக் கொடுத்தனர். தன் காதுக் கடுக்கன்களை அவரிடம் அடகு வைத்துப் பெற்ற 4 ரூபாயே திருவண்ணாமலைக்குச் செல்லும் வழியாயிற்று. செப்டம்பர் 1 அன்று அருணாசலேசுவரர் திருமுன் நின்ற அச்சிறுவனே பின்னாளில் பகவான் ரமண மகரிஷி.

மேளக்காரருக்கு இந்தப் பின்கதை தெரியாது. அவர் கண்டது, ஊரும் வீடும் இன்றிப் பசியோடு நின்ற ஒரு பையனை மட்டுமே. அவன் மகானாகாமல் எங்கோ கூலிவேலைக்குச் சென்றிருந்தாலும், அன்று கொடுத்த சோற்றின் புண்ணியம் ஓர் அணுவும் குறைந்திராது. மீந்ததைக் கொடுப்பதற்கும் தம் பங்கைக் கொடுப்பதற்கும் உள்ள வேற்றுமையை அந்த எளிய மனிதர் உணர்த்திவிட்டார்.

இன்று பெரிய கோயில்களின் வாசல்களிலும், திருவண்ணாமலையின் 14 கி.மீ. கிரிவலப் பாதையிலும் வீடற்ற முதியோர் பலரைக் காணலாம். பிள்ளைகளுக்கு வேண்டாதவராகி வந்தவரும், துணையை இழந்து வந்தவரும், நினைவு தவறி வழிமாறி வந்தவரும் அவர்களுள் உண்டு. பௌர்ணமியன்று அவர்கள் எதிரே உணவுப் பொட்டலங்கள் குவியும். மறுநாள் காலையில் ஒரு வாய்க் காபிக்கு வழியிராது. பல்லில்லாத வாய்க்குப் புளியோதரையைவிடக் குழைந்த தயிர்சாதம் உகந்தது. நீரிழிவு உடையவருக்குச் சர்க்கரைப் பொங்கல் துன்பமே தரும். ஆகவே, கொடுக்குமுன் ஒரு நிமிடம் நின்று, "அம்மா, சாப்பிட்டீர்களா? என்ன வேண்டும்?" என்று கேட்பதே முதல் தருமம். தூக்கி எறியாமல் குனிந்து கையில் தருவதும், மார்கழிப் பனிக்கு முன்பே துவைத்த போர்வை ஒன்றைச் சேர்ப்பதும் எவர்க்கும் இயலும். ஆதரவற்ற முதியவரைக் கண்டால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணுக்குத் தெரிவிக்கலாம். முழங்கால் வலியால் கிரிவலம் வர இயலாத அன்பர்களுக்கு, இதுவே அமர்ந்த இடத்திலிருந்து செய்யும் வலமாகும்.

முற்காலத்தில் வழிப்போக்கர் படுத்துறங்க வீட்டுக்கு வீடு திண்ணை இருந்தது. திண்ணைகள் மறைந்தன, வழிப்போக்கர் மறையவில்லை. முதுமை எய்தியவர்கள் நன்கறிவர்: வீட்டினுள் இருப்பவருக்கும் வெளியே கிடப்பவருக்கும் நடுவே இருப்பது ஓர் இடைகழியின் தூரமே.

திருவண்ணாமலையிலிருந்து சுமார் 35 கி.மீ. தொலைவில் உள்ளது திருக்கோயிலூர். உலகளந்த பெருமாளையும் வீரட்டேசுவரரையும் தரிசித்துத் திரும்பும் அன்பர்கள், கையில் பெற்ற பிரசாதத்தில் ஒரு பங்கை வாசலில் அமர்ந்திருப்பவருக்கு அளித்துவிட்டு உண்பார்களாக. அந்த மேளக்காரர் தொடங்கி வைத்த பூசை அப்போது நிறைவு பெறும்.