பூட்டு யாருக்கு?

விற்கும் மென்பொருளுக்குப் பூட்டுப் போடுவதா, வேண்டாமா? கணினிச் செயலிகளுக்கென்று இணையக் கடைகள் வந்த பின்பும் இந்தக் கேள்வி ஓயவில்லை. கடைக்காரரே பூட்டித் தருவார் என்று பலர் எண்ணுகிறார்கள். 2011 ஜனவரியில் அப்பிள் நிறுவனம் மேக் கணினிகளுக்கான கடையைத் திறந்தபோது, செயலியோடு ஒரு பற்றுச்சீட்டை இணைத்துக் கொடுத்தது; அவ்வளவே. அதைச் சரிபார்ப்பதும் விடுவதும் செயலியை எழுதியவரின் தெரிவு. பலர் சரியாகப் பார்க்கவில்லை. கடை திறந்த சில நாட்களிலேயே, வேறொரு செயலியின் பற்றுச்சீட்டை ஒட்டி 'அங்ரி பேர்ட்ஸ்' விளையாட்டைக் காசின்றி ஆடினார்கள்.

பூட்டை இறுக்குங்கள் என்று குரல் எழுந்தது, நியாயமான குரல்தான். ஆனால் 2015 நவம்பரில் மறுபக்கம் தெரிந்தது. கடையின் பாதுகாப்புச் சான்றிதழ் ஒன்று காலாவதியாகவே, காசு கொடுத்து வாங்கிய செயலிகள் 'பழுதடைந்துள்ளது' என்று சொல்லித் திறக்க மறுத்தன. பூட்டை உடைத்து எடுத்தவருக்கு அந்தத் தொல்லை இல்லை.

மாத்தளையில் எனக்குத் தெரிந்த அச்சகம் ஒன்று. கலியாண அழைப்பிதழ், மரண அறிவித்தல், மாசிமகத் தேர்த்திருவிழா நோட்டீஸ் எல்லாம் அங்கே அச்சாகும். உரிமையாளர் தமிழ்ப் பக்க வடிவமைப்பு மென்பொருள் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கியிருந்தார். கணினியின் பின்புறம், அச்சுப்பொறியைச் செருகும் இடத்தில் மாட்டும் சிறு பூட்டுடன் அது வந்தது. பிறகு வாங்கிய புதிய கணினியில் அந்தச் செருகுமிடமே இல்லை. இறுவட்டு பத்திரமாக இருக்கிறது, இயக்க வழியில்லை. கைக்குக் கை பரவிய பாமினி எழுத்துருவோ இன்றும் அங்கே உழைக்கிறது.

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரலுக்குப் பதிப்புரிமை தருகிறது. முறைப்படி வாங்கியவர், தம் பிரதி பழுதானால் ஈடாக வைத்துக்கொள்ள ஒரு பிரதி எடுக்கவும் அது இடமளிக்கிறது. அந்தப் பிரதியையும் பூட்டு பயனற்றதாக்கிவிடுகிறது.

களவுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று அன்பர்கள் கொள்ள வேண்டாம். தமிழ் மென்பொருளுக்குச் சந்தை சிறிது. பத்துப் பிரதி களவு போனாலும் எழுதியவர் வீட்டு அடுப்பில் தெரியும். அவர் பூட்டட்டும். ஆனால் வாங்கும்போது ஒருமுறை சரிபார்த்தால் போதும். திறக்கும்போதெல்லாம் இணையத்தைத் தேட வைக்க வேண்டாம். விற்பனையை நிறுத்தும் நாளில் பூட்டைக் கழற்றிவிட்டுப் போகட்டும். காசு கொடுத்தவருக்கு அவர் செய்யவேண்டிய கடைசி மரியாதை அது.