கால் தரையில் படும் வண்டி



விருத்தாசலத்தில் ஒரே வீட்டில் வாழும் ஓரகத்திகள் நாங்கள். ஒருவருடைய உயரம் 4 அடி 10 அங்குலம்; மற்றவர் ஓர் அங்குலம் கூடுதல். கணவர்மார் இருவரும் வளைகுடாவில் இருக்கின்றனர். பிள்ளைகளைப் பள்ளிக்கும் மாலையில் மக்தபுக்கும் அழைத்துச் செல்வதும், மூட்டு வலியால் அவதியுறும் மாமியை மருத்துவரிடம் கூட்டிச் செல்வதும் எங்கள் பொறுப்பு. ஆட்டோவுக்குக் கொடுத்ததைக் கூட்டிப் பார்த்த பின்னரே மின் ஸ்கூட்டர் ஒன்று வாங்கத் தீர்மானித்தோம். வட்டிக்கு வாங்கலாகாது என்பதில் வீட்டில் இரு கருத்தில்லை. 14 மாதம் சேர்த்த தொகையே முதல். பொருந்தாத வண்டி வந்துவிட்டால் மாற்றிக்கொள்ள வழியில்லை.

கணவர்மார் தொலைபேசியில் கேட்டவை, ஒரு சார்ஜில் எத்தனை கிலோமீட்டர் ஓடும், எவ்வளவு வேகம் போகும் என்பவையே. ஆண்களுக்கு இவைதாம் முதலில் தோன்றும் போலும். எங்கள் கேள்வி வேறு: பாலக்கரை நெரிசலில் நிறுத்தினால் கால் தரையில் படுமா?

விவரத்தாள்களில் இருக்கையின் உயரம் குறிக்கப்பட்டிருக்கும். டிவிஎஸ் ஐக்யூப் 770 மில்லிமீட்டர். ஏதர் ரிஸ்டா 780. இரண்டும் நம் மாநிலத்து ஓசூரில் உருவாகின்றவை. பலரும் ஓட்டிப் பழகிய ஆக்டிவா ஏறத்தாழ 765. ஆனால் இந்த எண்ணை மட்டும் நம்பி வாங்குதல் தகாது. பெயர் வேண்டாம், வேறொரு வண்டியின் இருக்கை தாளில் தாழ்வாகவே இருந்தது. அமர்ந்து பார்த்தபோதோ பெருவிரல் நுனி மட்டுமே தரையைத் தொட்டது. காரணம் அகலம். இருக்கையின் முன்பகுதி அகன்றிருந்தால் தொடைகள் விரிந்து, காலின் நீளம் பக்கவாட்டில் வீணாகிறது. கால்தளம் அகன்றிருந்தால் பாதத்தை இன்னும் தள்ளி ஊன்ற நேர்கிறது. ஆகவே, வழக்கமாக அணியும் செருப்போடும் அபாயாவோடும் கடைக்குச் சென்று, சென்டர் ஸ்டாண்டை எடுத்துவிட்டு அமர்ந்து பார்ப்பதே சரியான அளவுகோல். குதிகால் பட வேண்டியதில்லை. இரு பாதங்களின் முன்பாதியும் அழுந்தினால் போதும்.

அடுத்தது எடை. பழைய ஸ்கூட்டி பெப் 100 கிலோவுக்கும் குறைவு. இன்றைய மின் ஸ்கூட்டர்கள் பல 120 கிலோவை ஒட்டியவை. ஓடும்போது அது தெரிவதில்லை. வாசல் சரிவில் பின்னுக்குத் தள்ளும்போதுதான் தெரிகிறது. மின்கலம் கால்தளத்தின் அடியில் இருந்தால் பாரம் தாழ்ந்து நின்று, வண்டி எளிதில் சாய்வதில்லை. பின்னோக்கி மெல்ல நகர்த்தும் ரிவர்ஸ் வசதி எங்களைப் போன்றோருக்கு ஆடம்பரமன்று. மேலும், மாமி ஒருபக்கமாகத்தான் அமர்வார். பாரம் இடப்புறம் இழுக்கும். இடக்கால் உறுதியாக ஊன்றவில்லையெனில் மூவரும் தரையில் கிடப்போம். வாகனத்தில் ஏறும்போது ஓதும் துஆ ஸுக்ருஃப் அத்தியாயத்தின் 13, 14-ஆம் வசனங்களில் உள்ளது. வாகனத்தை நமக்கு வசப்படுத்தித் தந்தவனைத் துதிப்பது அது. கைக்கு வசப்படாத வண்டியொன்றில் ஏறியமர்ந்து அதனை ஓத எங்களுக்கு மனம் ஒப்பவில்லை.

உரிமமும் பதிவும் வேண்டாத, 250 வாட் மோட்டாரும் 25 கிலோமீட்டர் வேக வரம்பும் கொண்ட சிறுவண்டிகளையும் பார்த்தோம். எடை குறைவுதான், மாமியையும் ஏற்றிக்கொண்டு மணிமுக்தாற்றுப் பாலம் கடக்க அவை போதா என்று விட்டுவிட்டோம். இருக்கையின் நுரையைச் செதுக்கித் தாழ்த்தலாம் என்றார் ஒருவர். சிறிது உயரம் குறையும். ஆனால் கெட்டிப்பட்ட இருக்கையில் மாமியின் இடுப்பு என்னாவது?

முடிவில் ஐக்யூபே வந்தது, அல்ஹம்துலில்லாஹ். வாங்கிய மறுநாள் தையற்காரரிடம் சென்றோம். கடைகளில் பெரும்பாலும் 54, 56 அங்குல அபாயாக்களே கிடைக்கின்றன. எங்கள் உயரத்திற்கு அவை தரையில் புரள்பவை. வண்டியை நிறுத்திக் கால் ஊன்றும் கணத்தில் விளிம்பு செருப்பினடியில் சிக்கினால் வழுக்கிவிடும். இருக்கை உயரத்தைப் பற்றி அத்தனை பேசுவோர் இதனைச் சொல்வதில்லை. கணுக்காலை மறைக்கும் அளவோடு நிறுத்தி, விளிம்பை மடித்துத் தைத்துக்கொண்டோம். ஹெல்மெட்டுக்குள் ஊசிகள் குத்தாதிருக்க, ஹிஜாபுக்கு அடியில் மெல்லிய பருத்தித் தொப்பி.

எங்கள் வீட்டு மின்பலகையில் இன்னும் பீங்கான் ஃபியூஸ் கட்டைதான். பீங்கான் ஊரில் வேறென்ன இருக்கும். சார்ஜருக்கெனத் தனி 15 ஆம்பியர் பிளக்கும் சரியான எர்த்தும் அமைத்துத் தருமாறு எலக்ட்ரீசியனிடம் சொல்லியிருக்கிறோம்.

உரிமம் கிடைத்துவிட்டது. ஞாயிறு காலைகளில் செராமிக் தொழிற்பேட்டைப் பக்கம் ஆளரவமற்ற சாலையில் பழகுகிறோம். ஒருவர் ஓட்ட, மற்றவர் பின்னே. மாமி மட்டும் இன்னும் ஏறவில்லை. “முதல்ல அரிசி மூட்டைய வச்சு ஓட்டிக் காட்டுங்க, புள்ளைகளா” என்கிறார். வரும் ஞாயிறு பஜ்ருக்குப் பின் 25 கிலோ மூட்டை ஒன்று பின்னிருக்கையில் ஏறவிருக்கிறது, இன்ஷா அல்லாஹ்.