முப்பத்தெட்டு புள்ளி இரண்டு

பிளஸ் ஒன் ஃபிசிக்ஸ் லேப். சென்னையில் ஒரு பள்ளி. தனி ஊசலை வைத்து g கண்டுபிடிக்க வேண்டும். நூலின் நீளம் 100 செ.மீ., குண்டின் மையம் வரை. ஒருவன் அலைவுகளை எண்ண, இன்னொருவன் நிறுத்துக் கடிகாரத்தை அழுத்த வேண்டும். எங்களுக்கு 20 அலைவுக்கு வந்த நேரம் 38.2 விநாடி. மூன்று முறை ஆட்டிப் பார்த்தோம், ஏறக்குறைய அதேதான்.

கணக்குப் போட்டால் g 10.82. புத்தகத்தில் 9.8. வித்தியாசத்தை 9.8-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் சதவீதப் பிழை 10.4.

"இத எழுதினா ரிப்பீட்டு போட்டுருவாங்கடா" என்றேன். எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். விடையிலிருந்து பின்னோக்கி வந்து 38.2-ஐ அடித்து 40.1 ஆக்கினேன். g 9.82, பிழை 0.2 சதவீதம். என் பார்ட்னர் மாட்டேன் என்றான். "வந்தத எழுதுறேன், அவ்ளோதான்." சார் அவன் நோட்டைப் பார்த்து, பிழைக்கு என்ன காரணம் என்று கேட்டார். "தெரியல சார்." "காற்றுத் தடைன்னு எழுது" என்று சொல்லிவிட்டு ரிப்பீட் போட்டார். எனக்குப் பத்துக்கு ஒன்பது.

அந்தக் காற்றுத் தடையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காற்று ஊசலைத் தாமதப்படுத்தும். நேரம் கூடும், g குறையும். எங்களுக்கோ g கூடியிருந்தது. பிழையின் திசையே வேறு. சரி, கை அழுத்தும் தாமதம்? 40 விநாடியில் 0.2 விநாடி பிசகினால் g-யில் ஒரு சதவீதம் நகரும். பத்து சதவீதம் நகராது. அதுவும் மூன்று முறையும் ஒரே பக்கமாக நகராது. பிழை எவ்வளவு, எந்தப் பக்கம் என்ற இரண்டையும் பார்த்தாலே பாதி சந்தேக நபர்களை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். நாங்கள் ஒருவரையும் விசாரிக்கவில்லை.

1974-ல் கால்டெக் பட்டமளிப்பு விழாவில் ஃபெய்ன்மேன் இதைப் பேசியிருக்கிறார். மில்லிகன் எண்ணெய்த்துளிச் சோதனையில் அளந்த எலக்ட்ரான் மின்னூட்டம் கொஞ்சம் குறைவு. காற்றின் பாகியலுக்கு அவர் எடுத்த மதிப்பு தவறு. பின்னால் வந்தவர்கள் சட்டென்று சரியான எண்ணுக்குப் போகவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறினார்கள். மில்லிகனைவிட ரொம்ப அதிகமாக வந்தால் எங்கே தப்பு என்று தேடினார்கள், பக்கத்தில் வந்தால் அவ்வளவாகத் தேடவில்லை என்பது அவர் சொன்ன காரணம். படித்தபோது 40.1 ஞாபகம் வந்தது. அவர்கள் எண்ணை மாற்றவில்லை, நான் மாற்றினேன். அந்த வித்தியாசம் சின்னது இல்லை.

போன வருடம் ஆபீஸில் ஒரு லாக் ஃபைலில் இருந்து ரிக்வெஸ்டுகளுக்கு இடையிலான சராசரி நேரத்தை எடுத்துக்கொண்டிருந்தேன். கோட் ரிவ்யூவில் ஒரு ஜூனியர் கமென்ட் போட்டிருந்தாள்: "20 டைம்ஸ்டாம்ப்னா இடைவெளி 19தானே?"

கொஞ்ச நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கால்குலேட்டரைத் திறந்து 38.2-ஐ 19-ஆல் வகுத்தேன். அலைவு நேரம் 2.01. g 9.77.

குண்டை விட்டதும் "சைபர்" என்று தொடங்காமல் "ஒண்ணு" என்று தொடங்கியிருக்கிறோம். இருபது என்று சொல்லிக் கடிகாரத்தை நிறுத்தியபோது ஊசல் முடித்திருந்தது 19 அலைவு. இதில் இன்னொரு கூத்து, சென்னையில் g 9.8 இல்லை. பூமத்தியரேகைக்குப் பக்கம் என்பதால் 9.78தான். அவன் எழுதிய 38.2-ஐச் சரியாக வகுத்திருந்தால் பிழை 0.1 சதவீதம். நான் ஜோடித்த 9.82-க்கு 0.4.

கணக்கை அப்படியே அவனுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். யார் எண்ணினோம் என்பது எனக்கு நினைவில்லை. ராத்திரி பதில் வந்தது.

"வாட்ச் என் கையில இருந்துச்சு. எண்ணுனது நீதான்டா."