எண் உண்டு, பெயர் இல்லை

புதிதாக வாங்கிய காரின் இடது பக்க வளைவும் வலது பக்க வளைவும் ஒரே அளவில் இல்லை என்று தெரிந்தால் யாரும் கம்பெனியைச் சும்மா விடமாட்டார்கள். ஆனால் அப்படி அளவு ஒத்துவராத கார்களுக்குப் பெயர்போன வகையைச் சேர்ந்த ஒன்றை, 2018 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவில் நடந்த ஏலத்தில் 4 கோடியே 84 லட்சம் டாலர் கொடுத்து வாங்கினார்கள். அன்றைய கணக்கில் ரூ.330 கோடிக்கு மேல். கார்: ஃபெராரி 250 ஜிடிஓ. 1962இல் அமெரிக்காவில் அதன் விலை சுமார் 18,000 டாலர்தான்.

இடைப்பட்ட அரை நூற்றாண்டில் அந்தக் காரில் புதிதாக எதுவும் முளைத்துவிடவில்லை. அதை உருவாக்கிய முறைதான் உலகத்தில் அரிதாகிவிட்டது. சுத்தியலும் கொட்டாப்புளியும் மணல் மூட்டையும் வைத்துக்கொண்டு, கண்ணால் அளந்து, கையால் தட்டி எடுத்த உடல் அது.

நம் ஊரில் லாரி வாங்குபவர்கள் சேசிஸை மட்டும் வாங்கி, பாடி கட்டும் பட்டறைக்குக் கொண்டுபோவார்கள். இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார்களின் கதையும் ஏறக்குறைய இதேதான். வட இத்தாலியில் மோடெனா நகருக்குப் பக்கத்தில் மாரனெல்லோ என்ற சிற்றூரில் இருக்கிறது ஃபெராரி தொழிற்சாலை. அதன் பெயரில் முதல் கார் 1947இல் வெளிவந்தது. எஞ்சினும் சக்கரங்களும் பொருத்திய சேசிஸ் அங்கிருந்து பாடி கட்டுபவர்களிடம் போகும். டூரின் நகரில் பினின்ஃபரினா, மிலானில் டூரிங், ஜகாட்டோ என்று புகழ்பெற்ற பட்டறைகள் இருந்தன. ஜகாட்டோவை 1919இல் தொடங்கிய ஊகோ ஜகாட்டோ, முதல் உலகப் போரின்போது விமானம் கட்டும் வேலையில் இருந்தவர். எடை குறைந்தால் வேகம் கூடும் என்ற பாடம் அங்கே படித்தது. டூரிங் பட்டறை 1930களில் மெல்லிய எஃகுக் குழாய்களால் கூடு கட்டி, அதன்மேல் அலுமினியத் தகட்டைப் போர்த்தும் முறையைக் கொண்டுவந்தது. அதன் பெயர் சூப்பர்லெஜெரா. ‘மிக இலேசானது’ என்று பொருள்.

இத்தாலியர்களிடம் இயந்திரம் இல்லாததால் கையால் செய்தார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. டூரினில் ஃபியட் நிறுவனம் 1923இல் திறந்த லிங்கோட்டோ தொழிற்சாலைக்கு ஐந்து மாடிகள். கீழ்த்தளத்தில் தொடங்கும் வேலை மாடி மாடியாக ஏறி, முடிந்த கார் மொட்டை மாடியில் இருந்த ஓடுதளத்தில் ஓட்டிப் பார்க்கப்பட்டது. பம்பாய் டாக்ஸியாகப் பல தலைமுறை பார்த்த பிரீமியர் பத்மினியும் ஒரு ஃபியட் காரின் வழிவந்ததுதான். அந்த வகைக் கார்களின் தகடுகள் ராட்சத அச்சுகளில் வைத்து ஒரே அழுத்தில் வார்ப்படம்போல் எடுக்கப்படுபவை.

அச்சு செய்யப் பெரும் பணம் வேண்டும். ஆயிரக்கணக்கில் கார் விற்றால்தான் அந்தப் பணம் திரும்பும். 250 ஜிடிஓ 1962 முதல் 1964 வரை மொத்தம் 36தான் கட்டப்பட்டது. முப்பத்தாறு காருக்கு யார் அச்சு செய்வார்கள்? அதிலும் பந்தயக் கார் என்றால் இந்தப் பந்தயத்தில் பார்த்த குறையை அடுத்ததற்குள் திருத்த வேண்டும். மூக்கை நீட்ட வேண்டும், பின்புறத்தை உயர்த்த வேண்டும். அன்றைக்குச் சுத்தியல் பிடித்தவரின் கூலி, அச்சைவிட மலிவு. இன்று கலை என்று கொண்டாடப்படுவது, அன்று சிக்கனக் கணக்கில் பிறந்தது.

வேலை எப்படி நடந்தது? காரின் உருவத்தை முதலில் மரச்சட்டமாகவோ கம்பிக் கூடாகவோ செய்து வைப்பார்கள். தகட்டைத் துண்டு துண்டாக வெட்டி, மணல் மூட்டையின் மீதோ குழி தோண்டிய மரக்கட்டையின் மீதோ வைத்துக் கொட்டாப்புளியால் அடித்துக் குழியாக்குவார்கள். கூட்டின் மேல் வைத்துப் பார்ப்பது, எடுப்பது, மறுபடி அடிப்பது. ஒரு சின்ன வளைவுக்கே எத்தனையோ முறை இது நடக்கும்.

அலுமினியம் அடிக்க அடிக்க இறுகும், விட்டால் வெடித்துவிடும். நடுவில் சூடு காட்டி இளக்க வேண்டும். அதிலும் ஒரு சிக்கல். இரும்பைப்போல் சிவந்து காட்டி எச்சரிக்கும் குணம் அலுமினியத்துக்கு இல்லை. கொஞ்சம் அதிகமானால் நிறம் மாறாமலே உருகி ஓட்டை விழும். இதற்குத் தகடு அடிப்பவர்கள் உலகெங்கும் ஓர் உபாயம் வைத்திருக்கிறார்கள். கேஸ் வெல்டிங் சுடரைப் புகையவிட்டுத் தகட்டின் மேல் கரி படியச் செய்வார்கள். பிறகு சுடரைச் சரிசெய்து அந்தக் கரி எரிந்து மறையும்வரை காட்டுவார்கள். கரி மறைந்தால் பதம் வந்துவிட்டது என்று அர்த்தம். வெப்பமானி இல்லாத வெப்ப அளவு!

துண்டுகளைப் பற்றவைத்து, தழும்பை அரத்தால் ராவி, கடைசியில் உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் கைக்குத் தெரியும். நாள் முழுக்க, வருடம் முழுக்க, காதைப் பிளக்கும் சத்தம். இந்த வேலை செய்பவரை இத்தாலியில் பத்திலாஸ்த்ரா என்பார்கள். தகடு அடிப்பவர் என்பதற்குமேல் அந்தச் சொல்லில் ஒன்றும் இல்லை. நம் ஊரில் டிங்கர் என்கிறோம்.

இந்தக் கூட்டத்திலிருந்து உலகத்துக்குப் பெயர் தெரிந்த ஒருவர் செர்ஜியோ ஸ்கால்யெட்டி. 1920இல் பிறந்தவர். தந்தையை இழந்து 13 வயதில் வேலைக்குப் போனவர். 1951இல் மோடெனாவில் சொந்தப் பட்டறை போட்டார். அடிபட்ட கார்களைச் சரிசெய்த கை, ஃபெராரியின் நிறுவனர் என்ஸோ ஃபெராரியின் நம்பிக்கையைப் பெற்றது. என்ஸோவின் மகன் டினோ அவருக்கு நண்பர். 250 டெஸ்டா ரோஸா, 250 ஜிடிஓ ஆகியவற்றின் உடல்கள் ஸ்கால்யெட்டியின் பட்டறையில் உருவானவை. பெரும்பாலும் வரைபடம் பார்த்து அல்ல, கண்ணை நம்பி.

இந்த அழகுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. எடையைக் குறைக்க மெலிந்த தகடு, மோதலில் யாரையும் காப்பாற்றாது. 1957 மே 12 அன்று மில்லே மிலியா என்ற சாலைப் பந்தயத்தில், குயிதிட்சோலோ கிராமத்தருகே ஒரு ஃபெராரியின் டயர் வெடித்தது. ஓட்டிய அல்ஃபோன்ஸோ தெ போர்த்தாகோவும் உடன் இருந்த எட்மண்ட் நெல்சனும் இறந்தார்கள். வேடிக்கை பார்க்க நின்ற ஒன்பது பேரும் இறந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். பொதுச் சாலையில் நடந்துவந்த அந்தப் பந்தயம் அத்தோடு முடிந்தது. என்ஸோ மீது வழக்குத் தொடரப்பட்டு, 1961இல்தான் அவர் விடுவிக்கப்பட்டார்.

கைவேலையின் காலமும் பிறகு அதிக நாள் நீடிக்கவில்லை. டூரிங் பட்டறை 1966இல் மூடப்பட்டது. 1969இல் ஃபெராரியின் பாதிப் பங்கு ஃபியட்டிடம் போனது. விற்பனை பெருகப் பெருக அச்சுகள் வந்தன. ஸ்கால்யெட்டியும் 1980களில் ஓய்வு பெற்றார்.

பழைய கார்களை அப்போது யாரும் பெரிதாக மதிக்கவில்லை. பந்தயத்தில் தோற்கத் தொடங்கிய கார் வெறும் பழைய கார்தானே. ஒரு 250 ஜிடிஓ அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்துப் பள்ளி ஒன்றுக்கு இனாமாகத் தரப்பட்டு, 1972இல் 6,500 டாலருக்கு விற்கப்பட்டது. இன்று நிலைமை தலைகீழ். மோடெனாவைச் சேர்ந்த ஒரு நிறுவனம் ஜிடிஓவின் நகல்களைச் செய்ய முனைந்தபோது ஃபெராரி நீதிமன்றம் சென்றது. அந்தக் கார் ஒரு கலைப்படைப்பு, அதை மற்றவர்கள் நகலெடுக்கக் கூடாது என்று பொலோனியா நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது.

கலைப்படைப்பு என்றால் கலைஞர் யார்? சட்டத்தின் கண்ணில் உரிமை நிறுவனத்துக்கு. வரலாற்றில் காருக்கு வடிவம் யோசித்த ஜோத்தோ பிஸ்ஸரினி, அவர் விலகிய பிறகு பணியை முடித்த மௌரோ ஃபோர்கியேரி, உடல் கட்டிய ஸ்கால்யெட்டி ஆகியோருக்கு இடமுண்டு. ஸ்கால்யெட்டியின் பெயரை 2004இல் ஒரு காருக்கே சூட்டியது ஃபெராரி. 2011 நவம்பரில், 91 வயதில் அவர் காலமானார். ஆனால் அவர் பட்டறையில் நின்று தகட்டை அடித்த மற்றவர்கள்? ஒரு காரின் தகடு இன்னொன்றுக்குப் பொருந்தாது என்பதால் பாகங்களின் உட்புறத்தில் வண்டியின் எண்ணைப் பொறித்து வைத்தார்கள். அடித்தவர் பெயரைப் பொறிக்கும் வழக்கம் இல்லை.

அவர்கள் விட்டுச்சென்றது தகட்டின் உட்புறத்தில் தெரியும் சுத்தியல் தடங்களும், ஒன்றுக்கொன்று ஒத்துவராத அந்த இரண்டு பக்கங்களும்தான். முன்பெல்லாம் பழைய காரைப் புதுப்பிப்பவர்கள் பட்டி பூசி, வளைவுகளைச் சமன்செய்து, பளபளவென்று ஆக்கினார்கள். பிறந்தபோதுகூட அந்தக் கார் அவ்வளவு ஒழுங்காக இருந்திருக்காது. இப்போது விவரம் தெரிந்தவர்கள் அந்தக் கோணலைத் தொடுவதில்லை. அதை நேராக்கினால், பெயர் தெரியாத ஒரு தொழிலாளி அங்கே இருந்ததற்கான கடைசிச் சாட்சியும் போய்விடும்.