பட்டி பார்த்த இடம்

மோட்டார் காருக்கு வர்ணம் பூசுவதில் இரண்டு ரகம் உண்டு. ஊரார் கண்ணில் படுகிற இடத்துக்குப் பூசுவது ஒன்று. பேனட்டைத் திறந்தால் மட்டும் தெரிகிற இடத்துக்குப் பூசுவது மற்றொன்று. முதலாவதற்குப் பணம் இருந்தால் போதும். இரண்டாவதற்கு முதுகு வேண்டும், முழங்கால் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக வீட்டில் உள்ளவர்களின் பொறுமை வேண்டும். நகக்கண்ணெல்லாம் கறுப்பு ஏறிய கையோடு ஒரு மனிதன் மாதக் கணக்கில் சாப்பிட வந்து உட்காருவதைச் சகித்துக்கொள்ளும் குடும்பங்கள் குறைவு.

நான் பூசியது இரண்டாவது ரகம். கார் என்னுடையதல்ல, காலஞ்சென்ற என் அண்ணனுடையது. 1966-ஆம் வருஷத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மேற்குத் தாம்பரத்தில் அவர் வீட்டுப் பக்கவாட்டுக் கொட்டகையில் மூன்று வருஷமாக நின்றுகொண்டிருந்தது. பழைய இரும்புக் கடைக்காரர் ஒருவர் வந்து சுற்றிப் பார்த்தார். கதவை இரண்டு தட்டுத் தட்டினார். எடைக்கு விலை சொன்னார். அண்ணி பதில் பேசாமல் உள்ளே போய் அவருக்கு ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து கொடுத்தார். அந்த மோருக்கு என்ன அர்த்தம் என்று கடைக்காரருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

"நான் பார்க்கட்டுமா, அண்ணி?" என்றேன்.

"பாருங்க தம்பி. ஓடினா ஒழுங்கா ஓடணும். இல்லேன்னா அந்த மனுஷரே எடுத்துட்டுப் போகட்டும். ரெண்டும் இல்லாம இப்படி நிக்கிறதைத்தான் என்னால பார்க்க முடியலே."

இந்தக் கார் தாம்பரத்துக்கு அந்நியமல்ல. தெற்கே சில கிலோமீட்டரில், வண்டலூர்ப் பக்கம், ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனியின் தொழிற்சாலையில் 1961 முதல் செய்யப்பட்டது. 1959-ல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டுதான் அதன் மூலம். உருவம் வரைந்தவர் ஜியோவன்னி மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். 948 சி.சி. என்ஜின். பிற்பாடு நம்மவர்களின் குடும்ப அளவை உத்தேசித்தோ என்னவோ, நாலு கதவு வைத்து இந்தியாவுக்கென்றே ஒரு ஹெரால்டும் செய்தார்கள். 1988-ல் வண்டலூரில் கார் உற்பத்தியே நின்றுபோயிற்று. ஆகவே புது உதிரிப் பாகம் என்ற பேச்சுக்கு இடமில்லை. இருப்பதைக் காப்பாற்ற வேண்டும்.

மற்றக் கார்களில் பேனட் ஒரு மூடி மாதிரி. ஹெரால்டில் அப்படியல்ல, விளக்குகள், இரண்டு பக்கத்து மட்கார்டுகள் உள்பட மூக்கு முழுவதும் முன்புறமாகக் கவிழ்ந்து திறந்துகொள்ளும். முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை செய்யலாம். மெக்கானிக்குக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த கார் வேறு உண்டா என்பது சந்தேகம். துருவுக்கு மட்டும் இது சௌகரியமில்லை, ஒளிந்துகொள்ள இடமில்லை.

துரு ஏன் வருகிறது? தண்ணீர் பட்டால் வருகிறது என்று நாம் பள்ளிக்கூடத்தோடு நிறுத்திக்கொண்டோம். வாஸ்தவத்தில் ஈரம் பட்ட இரும்புத் தகடு ஒரு குட்டி பேட்டரி. தகட்டின் ஓரிடம் கரைகிறது, வேறோரிடம் காற்றிலுள்ள பிராணவாயுவைப் பிடித்துக்கொள்கிறது, நடுவில் மின்சாரம் ஓடுகிறது. உப்பு கலந்த ஈரமானால் இன்னும் தாராளமாக ஓடுகிறது. தாம்பரத்திலிருந்து கடல் சுமார் 14 கிலோமீட்டர். ஆனால் கடற்காற்றுக்கு ரயில் டிக்கெட்டு தேவையில்லை. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அஸ்திவாரக் கல் நாட்டி, 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் இந்தத் துருவையும் வருஷக்கணக்காக ஆராய்ந்து வருகிறார்கள். 1914-ல் திறந்த பாம்பன் பழைய பாலத்தை அரித்து அரித்து, கடைசியில் 2022-ல் ரயிலையே நிறுத்த வைத்தது இதே துருதான். அண்ணனின் ஹெரால்டு எந்த மூலைக்கு!

மாசி மாதம் தொடங்கினேன். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடவே கூடாது. முதலில் பேட்டரியின் எர்த் கம்பி, பிறகு மற்றது. ஒயர்களுக்கெல்லாம் துண்டுக் காகிதத்தில் பெயர் எழுதிக் கட்டினேன். கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், காயில் எல்லாம் பாலிதீன் பைகளுக்குள் போயின. அடுத்தபடி மண்ணெண்ணெயும் பனியன் வேஸ்ட்டும். அதன்மேல் சோப்புத் தண்ணீர். எண்ணெய்ப் பிசுக்கோடு உப்புத்தாள் போட்டால் பிசுக்கைத் தேய்த்துத் தேய்த்து இரும்புக்குள் புகுத்துவதாகிவிடும். அப்புறம் எந்தப் பெயிண்டும் பிடிக்காது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், பெயிண்டு இருந்த இடங்களைத் தண்ணீர் தொட்டே தேய்த்தேன். மூக்கிலும் வாயிலும் முகமூடி. பேட்டரி அமிலம் சொட்டிய இடங்களில் ஆப்ப சோடா கரைத்து ஊற்றினால் 'புஸ்' என்று பொங்கும். பொங்கி அடங்கும்வரை ஊற்ற வேண்டும். அண்ணியின் சமையலறையில் சோடா டப்பா இரண்டு தடவை காலியாயிற்று.

பேட்டரி உட்காருகிற தட்டைச் சுரண்டும்போதுதான் சத்தம் மாறியது. இரும்பில் 'கிர்' என்று பேசிக்கொண்டிருந்த கம்பி பிரஷ், சுண்ணாம்புச் சுவரில் தேய்ப்பதுபோல மந்தமாகிவிட்டது. உளி முனையை வைத்து அழுத்தினேன். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கட்டி பெயர்ந்து விழுந்தது. பட்டி! அதன் அடியில் ஒரு துண்டுக் கம்பி வலை. வலைக்கு அடியில் இரும்பே இல்லை. ஓட்டை வழியாகக் காருக்குள் கால் வைக்கிற இடம் தெரிந்தது.

இங்கே என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் பெயிண்டுப் பிரிவில் மேற்பார்வை பார்த்தவர். "பட்டி பள்ளத்துக்கு, ஓட்டைக்கு அல்ல" என்பது அவருடைய வேதவாக்கு. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கார் வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டால் போதும், பாயசம் வருவதற்குள் பட்டியின் கேடுகள் அத்தனையும் அவருக்குத் தெரிந்துவிடும். அந்த மனிதரின் சொந்தக் காரில், இவ்வளவு பெரிய ஓட்டையில், கம்பி வலை வைத்துப் பட்டி!

பெயர்ந்த கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அண்ணி காப்பியோடு வந்தார், கட்டியைப் பார்த்தார், டம்ளரை மட்கார்டின் மேல் வைத்தார்.

"அவர் வச்சதுதான், தம்பி. 1989-ல. வேலை போய் எட்டு மாசம் சம்பளம் இல்லே. வெட்டி ஒட்ட நூத்தைம்பது ரூபா கேட்டான். அந்தப் பணம் பெரியவளுக்குப் பரீட்சை ஃபீஸா போச்சு. ராத்திரி லாந்தர் வச்சுக்கிட்டு இவரே பூசினார். யார்கிட்டயும் சொல்லிடாதேன்னார்."

"அப்புறம் கையிலே பணம் வந்ததே?"

"வந்தது. ஆனா அந்த இடத்தைத் திறக்க அவருக்கு மனசு வரலே." கொஞ்ச நேரம் கழித்து, "இப்போ நீங்களா கண்டுபிடிச்சீங்க. நானா சொல்லலே" என்றார்.

கண்டிப்பான மனிதர்களைக் கதையில் எழுதுவது சுலபம். அவர்களுக்கு எட்டு மாதம் சம்பளத்தை நிறுத்திப் பார்க்க வேண்டும். அந்தப் பட்டியையும் சும்மா சொல்லக்கூடாது. அண்ணன் காலம் முடிகிறவரை உதிராமல் இருந்திருக்கிறது.

டிங்கர் வந்தார். எட்டிப் பார்த்துவிட்டு, "சார், மறுபடி பட்டி வச்சு மூடிடலாமா, வெட்டி ஒட்டலாமா? பேட்டரி உக்கார்ந்தா யாருக்குத் தெரியப்போகுது?" என்றார். கேள்வி என்னிடம். ஆனால் பதில் அண்ணியிடமிருந்து வந்தது: "வெட்டி ஒட்டுங்க." துருப்பிடித்த பகுதியைத் தாண்டி நல்ல இரும்பு வருகிறவரை வெட்டி, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தார். ஒட்டின கோடு தெரியாமல் மேலே கொஞ்சம் பட்டி இழுக்கட்டுமா என்று ஆசையோடு கேட்டார். வேண்டாம் என்றேன்.

மிச்சத் துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த திரவம். கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடக்கூடாது. பழுப்பு நிறம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கருஞ்சாம்பலாக மாறும். துரு இரும்பு பாஸ்பேட்டாகிறது. டில்லி இரும்புத் தூண் 1600 வருஷமாக வெயிலிலும் மழையிலும் நிற்பதற்கும், அதன் இரும்பில் மிகுந்திருக்கிற பாஸ்பரஸால் உண்டான இப்படியொரு படலம்தான் காரணம் என்று கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் விளக்கியிருக்கிறார். நமக்கு 1600 வருஷம் வேண்டாம். அடுத்த மழைக்காலம் தாண்டினால் போதும். அமிலத்தின் மிச்சம் நின்றால் பிரைமர் பிடிக்காது. ஆகையால் கழுவி, துடைத்து, வெயிலில் நன்றாகக் காயவிட்டு, அன்றைக்கே பிரைமர் அடித்துவிட வேண்டும். நம் ஊர்க் காற்றில் வெறும் இரும்பை ராத்திரிக்கு விட்டால், காலையில் மஞ்சள் பூத்திருக்கும்.

ரெட் ஆக்சைடு போதும் என்று பெயிண்டுக் கடையில் தீர்ப்புச் சொன்னார்கள். பேட்டரி இருக்கிற இடம் என்பதால் நான் எபாக்சி பிரைமரையே வாங்கினேன். அதன்மேல் வெளிர் நீலம், மூன்று மெல்லிய பூச்சு. ஒரே பூச்சாகக் கனமாக அடித்தால் மேலே காய்ந்து உள்ளே பச்சையாக இருக்கும். எர்த் கம்பி இணைகிற இடத்தில் மட்டும் பெயிண்டு படாமல் டேப் ஒட்டினேன்; அங்கே வர்ணம் ஏறினால் ஸ்டார்ட்டர் சுற்றாது. எண் பொறித்த இடத்தையும் தேய்க்காமல், பூசாமல் காத்தேன். ஆர்.சி. புதுப்பிக்கப் போனால் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து அந்த எண்ணைப் பிரதி எடுப்பார்கள். எண் தெளிவாக விழாவிட்டால், எவ்வளவு அழகாக வர்ணம் பூசியிருந்தாலும் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

எண் விழுந்தது; ஆர்.சி.யும் ஐந்து வருஷத்துக்குக் கிடைத்தது.

புதுத் தகட்டின்மேல் ரப்பர் பாய் ஒன்றை வெட்டிப் போட்டுப் பேட்டரியை இறக்கினோம். ஒட்டின கோடு பாயின் ஓரத்தில் விரல் நீளம் தெரிகிறது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பேட்டரியைத் தூக்கி, தட்டை ஆப்ப சோடாத் தண்ணீரால் கழுவ வேண்டும் என்று சொல்லியிருந்தேன். அண்ணி தினசரி காலண்டரைப் புரட்டி, புரட்டாசிக் கடைசியில், மழைக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமையில் குறித்து வைத்திருக்கிறார்.